அபெனாகி மக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்டனிலிருந்து வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷர் பக்கம் இலை நிறம் மாறுவதைப் பார்க்கப் போகும் நண்பர்கள் வழியில் மெரிமாக், அமஸ்கெக், மிசிஸ்க்வாய் என்ற பெயர்ப்பலகைகளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எந்த மொழி?" என்று கேட்பார்கள். அபெனாகியும் அதன் உறவு மொழிகளும் என்று பதில் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்ததும் வரும். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆரம்பக் கேள்விகள் எளிமையானவை. போகப் போகச் சிக்கலாகும்.

அபெனாகின்னா யாரு? எந்த ஊர்க்காரங்க?

வட அமெரிக்காவின் வடகிழக்கு மூலையைச் சேர்ந்த பூர்வகுடிகள். இன்றைய வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷர், மேய்ன் மாநிலங்களும் கனடாவின் தென் கியூபெக்கும் அவர்கள் பூமி. அல்கோங்கியன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். சாம்ப்ளேன் ஏரியிலிருந்து கனெக்டிகட், மெரிமாக் ஆறுகள் வரை வாழ்ந்தவர்களை மேற்கு அபெனாகி என்பார்கள். மேய்ன் மாநிலத்தின் கெனபெக், ஆண்ட்ரோஸ்காகின் ஆற்றுக்காரர்கள் கிழக்கு அபெனாகி. பெனாப்ஸ்காட் மக்களையும் மொழி அடிப்படையில் கிழக்கு அபெனாகியோடு சேர்ப்பது உண்டு.

ஒரே தலைநகர், ஒரே அரசு என்று எதுவும் இருந்ததில்லை. ஆற்றுக்கு ஆறு தனிக் குழு: மிசிஸ்க்வாய், சொகோகி, கோவாசக், பெனகுக், நாரிட்ஜ்வாக் என்று. அபெனாகி, பெனாப்ஸ்காட், பாசமக்வாடி, மலிசீட், மிக்மாக் ஆகியோர் சேர்ந்தது வபனாக்கி கூட்டமைப்பு. விடியல் முதலில் தொடும் நாட்டுக்காரர்கள் என்று பொருள். கிழக்குக் கடற்கரையில் வாழ்ந்தவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்.

தலை நிறைய இறகு, குதிரை, எருமைத்தோல் கூடாரம்... இவங்களும் அப்படித்தானே?

இல்லை. அது வட அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளி மக்களின் தோற்றம். சினிமா அதை எல்லாப் பூர்வகுடிகள் தலையிலும் கட்டிவிட்டது. அபெனாகி நாடு முழுக்கக் காடும் ஆறும். குதிரையை விடப் படகுதான் அங்கே பயன்படும். மான் தோல், மூஸ் என்ற பெரிய மான் இனத்தின் தோல், அவற்றில் தைத்த மொக்காசின் காலணி, முள்ளம்பன்றி முள்ளைச் சாயமேற்றிச் செய்த வேலைப்பாடு, இதுதான் பழைய உடை. ஐரோப்பியக் கம்பளித் துணி வந்த பிறகு கூர்முனைத் தொப்பி பிரபலமானது. அதன் ஓரத்தில் எதிரெதிராகச் சுருளும் இரட்டை வளைவுக் கோலம் தைத்திருப்பார்கள். வபனாக்கி மக்களின் அடையாளம் என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் அந்த வளைவைத்தான் காட்டுவேன், இறகை அல்ல.

வீடு என்பது விக்வாம். மெல்லிய மரக்கொம்புகளை வளைத்துக் கட்டி, மேலே பிர்ச் மரப்பட்டையைப் போர்த்துவார்கள். சில குவிந்த கூரையுடனும் சில கூம்பாகவும் இருக்கும். பல குடும்பங்கள் சேர்ந்து தங்கும் நீள வீடுகளும் மேற்குப் பகுதியில் இருந்தன.

இவங்க நாடோடிகளா, விவசாயிகளா?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்தக் கேள்விதான் எனக்கு மிக அதிகமாக வருகிறது, பதிலும் இங்கேதான் கொஞ்சம் நீளும்.

அவர்கள் இடம் மாறினார்கள், ஆனால் மனம்போன போக்கில் அலையவில்லை. எந்த மாதம் எந்த இடம் என்பது குடும்பத்துக்கே தெரிந்த கணக்கு. மாதப் பெயர்களைப் பார்த்தாலே புரியும். மார்ச் வாக்கில் வருவது மொசோகாஸ், மூஸ் வேட்டை மாதம். அடுத்தது சோகலிகாஸ், மேப்பிள் மரத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் மாதம். பிறகு கிகாஸ், விதைப்பு. செப்டம்பரில் ஸ்கமோன்காஸ், சோளம் விளையும் மாதம். பிறகு இலை உதிர்வது, ஆறு உறைவது என்று போகும். ஒரு வருட வேலை அட்டவணையே காலண்டராக இருக்கிறது.

வசந்தத்தில் ஆற்று அருவிகளுக்குப் போவார்கள். சால்மன், ஷாட் மீன்கள் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும் நேரம் அது. நியூ ஹாம்ப்ஷரின் இன்றைய மான்செஸ்டர் நகரில் இருக்கும் அமஸ்கெக் அருவி அப்படிப்பட்ட பெரிய கூடுமிடம். மீன் பிடிப்பதோடு கல்யாணப் பேச்சும் வியாபாரமும் அங்கேயே நடக்கும். அப்புறம் ஆற்றோர வண்டல் நிலத்தில் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி. சோளத்தண்டில் பீன்ஸ் கொடி ஏறும், பூசணி இலை தரையை மூடிக் களையை அடக்கும். கனெக்டிகட் ஆற்றுப் படுகையில் சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பே இந்த விவசாயம் நடந்ததற்குத் தொல்லியல் சான்று உண்டு. விளைந்ததை மண்ணில் குழி வெட்டிச் சேமித்தார்கள். ஆனால் வடக்கே போகப் போகப் பனியில்லாத நாட்கள் குறைவு. ஆகவே அங்கே வேட்டையும் மீனும் பெரும்பங்கு, விவசாயம் கொஞ்சம்தான்.

கோடையில் அவுரிநெல்லி போன்ற காட்டுப் பழங்களைப் பறிப்பதும், சிலர் கடற்கரைக்குப் போவதும் உண்டு. இலையுதிர் காலத்தில் கொட்டை சேகரிப்பு, விலாங்கு மீன், பிறகு வேட்டை. குளிர் இறுகியதும் பெரிய ஊர் கலைந்து, சில குடும்பங்களாகப் பிரிந்து உள்காட்டுக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேட்டைக்கென்று ஓர் ஆற்றுப்பகுதி உண்டு. அடுத்தவர் பகுதியில் கேட்காமல் நுழைவது தவறு. வெள்ளைக்காரர்கள் குளிர்காலத்தில் வந்து பார்த்து, "ஊர் காலி, நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்லை" என்று எழுதியது வசதிக்காகச் செய்த தவறு என்பது என் கருத்து.

அந்தக் குளிர்ல எப்படி உயிரோட இருந்தாங்க?

மைனஸ் 20, 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் ஊர்தான். ஆனால் பனி அவர்களுக்குத் தடை மட்டுமல்ல, வழியும்கூட. ஆஷ் மரச் சட்டத்தில் பச்சைத்தோல் வார் பின்னிய பனிக்காலணியை மாட்டினால் ஆழமான பனிமேலும் நடக்கலாம். சாமான்களை டொபோகன் என்ற தட்டையான சறுக்குப் பலகையில் இழுப்பார்கள். மேலே கேட்ட மொசோகாஸ் மாதத்தின் ரகசியமும் இதுதான்: குளிர்காலக் கடைசியில் பனியின் மேற்பரப்பு ஓடு மாதிரி இறுகும். மூஸ் போன்ற கனத்த மிருகம் காலை வைத்தால் உடைந்து உள்ளே புதையும், பனிக்காலணி போட்ட மனிதன் மேலேயே ஓடுவான்.

இலையுதிர் காலத்தில் மூஸைத் துரத்துவதில்லை, கூப்பிடுவார்கள். பிர்ச் பட்டையைக் கூம்பாகச் சுருட்டி, அதன் வழியாகப் பெண் மூஸ் மாதிரிக் குரல் கொடுத்தால் ஆண் மூஸ் தானே தேடி வரும். மாலையில் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து செய்யும் வேலை. நிறையப் பொறுமை வேண்டும்.

மேப்பிள் சிரப் இவங்க கண்டுபிடிச்சதா?

மேப்பிள் மரத்தின் சாற்றை எடுக்கும் பழக்கத்தை ஐரோப்பியர்கள் இந்தப் பகுதியின் பூர்வகுடிகளிடம்தான் பார்த்தார்கள். அபெனாகிகள் மட்டும் என்று சொல்ல முடியாது, அண்டைச் சமூகங்களும் செய்தார்கள். உலோகப் பானை வருவதற்கு முன் சர்க்கரைக்கட்டி அளவுக்குக் காய்ச்சினார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை உண்டு. சூடான கல்லைப் பாத்திரத்தில் போட்டுக் காய்ச்சுவது, இரவில் உறையவிட்டு மேலே கட்டிய பனியை எடுத்து எறிவது ஆகிய இரண்டு வழிகளும் சாற்றைக் கெட்டியாக்கும்.

இதைப் பற்றி அவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. ஆதியில் மேப்பிள் மரத்திலிருந்து நேரடியாகவே பாகு வழிந்ததாம். குளூஸ்கபே என்ற காவிய நாயகன் ஓர் ஊருக்கு வந்தால் அடுப்பு அணைந்திருக்கிறது, வயலில் களை, ஆளே இல்லை. எல்லோரும் மரத்தடியில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்து பாகு குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் மரங்களில் தண்ணீரை ஊற்றிச் சாற்றை நீர்த்துப்போகச் செய்துவிட்டான். அதனால்தான் இன்றைக்கும் ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்ச வேண்டியிருக்கிறது, அதுவும் வருடத்தில் சில வாரங்கள் மட்டும்.

மரப்பட்டையில படகா? தண்ணி உள்ளே வராதா?

சரியாகச் செய்தால் வராது. வெள்ளை பிர்ச் மரத்தின் பட்டையைப் பெரிய ஒற்றைத் துண்டாக உரிப்பார்கள். பலரும் நினைப்பதற்கு மாறாக, வெள்ளை நிற வெளிப்பக்கம் படகின் உட்புறமாகப் போகும். பழுப்பு நிற உட்பக்கம்தான் தண்ணீரைத் தொடும். தையலுக்கு ஸ்ப்ரூஸ் மரத்தின் வேரைப் பிளந்து ஊறவைத்த நார். உள்ளே சீடார் மரத்தின் மெல்லிய பலகைகள், அவற்றை அழுத்திப் பிடிக்க வளைத்த விலா எலும்பு போன்ற சட்டங்கள். தையல் விழுந்த இடங்களில் ஸ்ப்ரூஸ் பிசினைக் கொழுப்போடு உருக்கிப் பூசுவார்கள். கொழுப்பு சேர்க்காவிட்டால் குளிரில் பிசின் வெடித்துவிடும்.

இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது. கிழிந்தால் பழுது பார்க்கத் தேவையானதெல்லாம் கரையில் நிற்கும் மரத்திலேயே இருக்கிறது. எடையும் குறைவு. ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். அருவியையும் நீர்ச்சுழலையும் அப்படித்தான் கடந்தார்கள். ஒரே கட்டையைக் குடைந்த தோணிகளும் இருந்தன, ஆனால் அவற்றைச் சுமக்க முடியாது.

கூடை ஒண்ணு நூறு டாலருக்கு மேலயா? அப்படி என்ன இருக்கு அதுல?

கறுப்பு ஆஷ் என்ற மரம் ஈரமான சதுப்பு நிலத்தில் வளரும். அதன் கட்டையை ஊறவைத்து, கோடரியின் பின்பக்கத்தால் முழு நீளத்துக்கும் அடித்துக்கொண்டே போவார்கள். ஒரு வருட வளர்ச்சிக்கும் அடுத்த வருட வளர்ச்சிக்கும் நடுவே இருக்கும் மென்மையான அடுக்கு நசுங்கும். உடனே அந்த வருடத்து மரம் நாடா மாதிரி தனியாக உரிந்து வரும். அதையும் கத்தியால் ஓரத்தில் கீறி, இரண்டு பக்கமும் இழுத்து இரண்டாகப் பிளப்பார்கள். பிளந்த உட்பக்கம் பட்டுப்போல் வழவழப்பாக இருக்கும். பிறகு சுரண்டி, ஒரே அகலத்துக்குக் கீறி, வாசனைப் புல்லோடு சேர்த்துப் பின்னுவார்கள். நல்ல மரத்தைத் தேடி அலைவதில் தொடங்கி நாடா தயாராகும் வரையிலான வேலையே பின்னுவதைவிட அதிகம். பேரம் பேசும் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

19-ம் நூற்றாண்டில் வேட்டை நிலங்கள் கைவிட்டுப் போன பிறகு கூடைதான் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. கியூபெக்கில் இருக்கும் அபெனாகி ஊரான ஒடானாக்கிலிருந்து கோடைதோறும் சுற்றுலா ஊர்களுக்குப் போய் விற்பார்கள். ஒடானாக் தலைவர் ஜோசஃப் லாரன் 1884-ல் நியூ ஹாம்ப்ஷரின் இன்டர்வேல் என்ற இடத்தில் அப்படி ஒரு கோடை முகாமே அமைத்தார். இப்போதைய பிரச்சினை மரகத நிறத்தில் இருக்கும் ஒரு வண்டு. ஆசியாவிலிருந்து வந்து 2002-ல் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்டது. ஆஷ் மரங்களைச் சில ஆண்டுகளிலேயே கொன்றுவிடும். வெர்மான்ட், மேய்ன் இரண்டிலும் 2018-ல் வந்து சேர்ந்துவிட்டது.

இவங்களுக்குச் சாமி உண்டா? இப்ப எல்லாரும் கிறிஸ்தவங்கதானே?

படைத்தவர் தபல்டாக். முதலில் கல்லிலிருந்து ஆணையும் பெண்ணையும் செய்தார், பிடிக்கவில்லை, உடைத்துவிட்டார். கல் மனிதர்களின் நெஞ்சு குளிர்ந்து கிடந்ததாகச் சொல்வார்கள். பிறகு உயிருள்ள மரத்திலிருந்து செய்தார். பல கதைகளில் அது ஆஷ் மரம். கூடைக்காரர்களுக்கு வண்டு ஏன் வெறும் வருமானப் பிரச்சினை இல்லை என்பது இதிலிருந்து புரியும்.

இன்னொருவர் ஒட்சிஹோசோ, தன்னைத் தானே உருவாக்கிக்கொண்டவர். கால் முளைப்பதற்கு முன்பே தரையில் ஊர்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்ததில் மலையும் பள்ளத்தாக்கும் உண்டாயின. கடைசியாகச் செய்தது சாம்ப்ளேன் ஏரி. அதன் அழகை விட்டுப் போக மனமில்லாமல் பாறையாகி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பர்லிங்டன் நகருக்கு எதிரே ஏரியில் அந்தப் பாறை இன்றும் இருக்கிறது, வரைபடத்தில் ராக் டண்டர் என்று பெயர். அதற்குப் புகையிலை காணிக்கை வைப்பது பழைய வழக்கம்.

கத்தோலிக்கம் பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார்கள் வழியாக வந்தது. கேப்ரியல் துருயெத் 1646-ல் கெனபெக் ஆற்றுக்கு வந்தார். பலர் கத்தோலிக்கராகவே தொடர்கிறார்கள். குளூஸ்கபே கதைகள் அதனால் நின்றுவிடவில்லை. ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும்.

ராஜா யாரு? பொம்பளைங்களுக்குப் பேச உரிமை இருந்ததா?

ராஜா கிடையாது. குழுவுக்கு ஒரு தலைவர் உண்டு. பெரும்பாலும் முந்தைய தலைவரின் குடும்பத்திலிருந்தே வருவார், ஆனால் மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அவரால் ஆணையிட முடியாது, பேசிச் சம்மதிக்க வைக்கத்தான் முடியும். போருக்குத் தனித் தலைவர். போருக்குப் போவதா என்ற முடிவுக்குப் பெண்கள் உட்பட எல்லோரும் கூடிய பெரிய சபை கூடும். வம்சம் தந்தை வழியில் போகும். பக்கத்து இரோக்வாய் மக்களிடம் தாய்வழி என்பதால் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

புத்தாண்டுக்கு மன்னிப்பு கேப்பாங்களாமே, உண்மையா?

உண்மை. ஜனவரி வாக்கில் வரும் அலமிகோஸ் என்பது வாழ்த்துச் சொல்லும் மாதம். வீடு வீடாகப் போய், "நான் உனக்குச் செய்த தவறு எதுவானாலும் மன்னித்துவிடு" என்று சொல்வது வழக்கம். சிறிய குழுவாக ஒரே விக்வாமில் மாதக்கணக்கில் அடைந்து கிடக்கும் பருவத்தில் மனக்கசப்போடு இருப்பது ஆபத்து. நடைமுறைக்கு ஏற்ற சடங்கு.

மொழி இன்னும் உயிரோட இருக்கா?

மேற்கு அபெனாகியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. கற்றுக்கொள்பவர்கள் கூடியிருக்கிறார்கள். வெர்மான்ட்டின் மிடில்பெரி கல்லூரி 2020-ல் தன் கோடை மொழிப் பள்ளிகளில் அபெனாகியையும் சேர்த்தது. எழுத்து புதிதல்ல. மேலே சொன்ன ஜோசஃப் லாரன் 1884-ல் அபெனாகி–ஆங்கில உரையாடல் புத்தகம் வெளியிட்டார்.

தமிழர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நாம், நாங்கள் என்ற வேறுபாடு அபெனாகியிலும் இருக்கிறது: கியோனா என்றால் நாம், நியோனா என்றால் நாங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் திணறும் இடத்தில் நமக்கு விளக்கமே தேவைப்படாது.

ஏன் பிரெஞ்சுக்காரங்க பக்கம் சேர்ந்து இங்கிலீஷ்காரங்களோட சண்டை போட்டாங்க?

ஆரம்பம் அப்படி இல்லை. 1621 மார்ச்சில், மாசசூசெட்ஸின் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயர்களிடம் நடந்து போய் ஆங்கிலத்திலேயே வரவேற்றவர் சமோசெட், மேய்ன் கடற்கரையைச் சேர்ந்த அபெனாகித் தலைவர். அங்கே வந்த மீனவர்களிடம் ஆங்கிலம் கற்றவர். ஆனால் அதற்கு முன்பே, 1616 முதல் 1619 வரை, ஐரோப்பியர் கொண்டுவந்த கொள்ளைநோய் கடலோர ஊர்களைக் காலி செய்திருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் தோல் வியாபாரத்துக்கு வந்தார்கள், ஆங்கிலேயர்கள் நிலத்துக்கு வந்தார்கள். 1675 முதல் சுமார் 85 ஆண்டுகள் விட்டுவிட்டுப் போர். 1724 ஆகஸ்டில் நாரிட்ஜ்வாக் ஊர் எரிக்கப்பட்டது, அங்கிருந்த பாதிரியார் செபாஸ்டியன் ராலும் கொல்லப்பட்டார். தப்பியவர்கள் பலர் வடக்கே கியூபெக்கின் அபெனாகி ஊர்களான ஒடானாக், வோலினாக்குக்குப் போனார்கள்.

1759 அக்டோபர் 4 விடியற்காலையில் ஆங்கிலேயர் தரப்புப் படைத்தலைவர் ராபர்ட் ராஜர்ஸின் படை ஒடானாக்கைத் தாக்கி எரித்தது. 200 பேரைக் கொன்றதாக அவர் எழுதினார். பிரெஞ்சு ஆவணங்கள் சொல்வது சுமார் 30 பேர், அதில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஊரில் வாய்வழியாக வந்த செய்தியும் இதோடு ஒத்துப்போகிறது: முந்தைய இரவு நடனம் நடக்கும்போது ஓர் அந்நியன் இருட்டில் வந்து எச்சரித்தான், பலர் பள்ளத்தில் போய் ஒளிந்துகொண்டார்கள் என்று. இதை 20-ம் நூற்றாண்டில் மொழியியலாளர் கார்டன் டே பதிவு செய்தார். ராஜர்ஸின் கணக்கையே நெடுங்காலம் வரலாறாகப் படித்தார்கள்.

வெர்மான்ட்ல இருக்கறவங்க அசல் அபெனாகி இல்லைன்னு சொல்றாங்களே?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே சூடான விஷயம். வெர்மான்ட் மாநிலம் நான்கு குழுக்களை அபெனாகி இனக்குழுக்களாக அங்கீகரித்தது: 2011-ல் இரண்டு, 2012-ல் இரண்டு. ஆனால் அமெரிக்க மத்திய அரசு 2007-ல் மிசிஸ்க்வாய் குழுவின் விண்ணப்பத்தை, வம்சாவளி உட்படச் சில நிபந்தனைகள் நிறைவாகவில்லை என்று நிராகரித்தது. ஒடானாக், வோலினாக் சமூகங்கள், "இவர்கள் எங்கள் உறவினர் என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள்" என்று கேட்கின்றன.

வெர்மான்ட் குழுக்களின் பதில்: பகை சூழ்ந்த காலத்தில் அடையாளத்தை மறைத்துத்தான் பிழைத்தோம், அதனால்தான் காகிதம் இல்லை. 1925 முதல் 1936 வரை பேராசிரியர் ஹென்றி பெர்கின்ஸ் நடத்திய இனமேம்பாட்டு ஆய்வையும் ("நல்ல வம்சம்" மட்டும் பெருக வேண்டும் என்ற கொள்கை), "தகுதியற்றவர்" என்று கருதியவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்ய வழிவிட்ட 1931-ன் சட்டத்தையும் சுட்டிக்காட்டுவார்கள். அதற்காக வெர்மான்ட் சட்டமன்றம் 2021-ல் மன்னிப்புக் கேட்டது. அந்த ஆய்வு குறிப்பாக அபெனாகிகளைக் குறிவைத்ததா என்பதிலும் தகராறு இருக்கிறது. என்னைக் கேட்டால், வெளியாட்களான நாம் நடுவர் வேலை பார்க்கத் தேவையில்லை. ஆனால் ஒடானாக்கின் குரலைக் கேட்காமல் வெர்மான்ட் பிரசுரத்தை மட்டும் படித்து முடிவுக்கு வருவது நியாயமில்லை.

கனடாவிலும் யார் உறுப்பினர் என்பது சிக்கல்தான். வெளியாளை மணந்த பெண் 1985 வரை சட்டப்படி தன் பூர்வகுடி அந்தஸ்தை இழந்தாள், ஆணுக்கு அது நேராது. அதன் மிச்சசொச்சங்களை எதிர்த்து ஒடானாக், வோலினாக் அபெனாகிகள் வழக்குப் போட்டு 2015-ல் கியூபெக் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது.

நேரில் போய்ப் பார்க்கலாமா? என்ன கவனிக்கணும்?

தாராளமாக. ஒடானாக் அருங்காட்சியகம் 1965-ல் தொடங்கியது, பழைய கத்தோலிக்கப் பள்ளிக் கட்டடத்தில் இருக்கிறது. மாண்ட்ரியலிலிருந்து காரில் சுமார் ஒன்றரை மணி நேரம். அங்கே அன்றாட மொழி பிரெஞ்சு. அந்த ஊரில் வளர்ந்த ஆவணப்பட இயக்குநர் அலனிஸ் ஒபொம்சாவின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் பேச்சைத் தொடங்க எளிது.

கோடையில் பவ்வாவ் என்ற நடனக் கூடுகை நடந்தால், ஒலிபெருக்கியில் சொல்வதைக் கேளுங்கள். சில நடனங்களைப் படம் எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். உடையைத் தொட்டுப் பார்க்காதீர்கள், அதை வேஷம் என்றும் சொல்லாதீர்கள். கூடை வாங்கினால் யார் செய்தது என்று கேளுங்கள், பெயரோடு சொல்வார்கள்.